மேஸ்திரி எடுத்த மூன்று டிக்கெட்

என் அம்மா முத்தம்மாவுக்கு,

போன வாரம் வகுப்பில் உன்னைப் பார்த்துச் சிரித்தார்கள். உன் பெயர்கூட அவர்களுக்குத் தெரியாது. போலீஸிடம் சொன்னதைக் கோர்ட்டில் மாற்றிச் சொல்லும் பிறழ் சாட்சிகளைப் பற்றிப் பாடம். "கூண்டில் ஏறியதும் பல்டி அடிப்பார்கள்" என்றார் சார். வகுப்பே கொல்லென்று சிரித்தது. குற்றவியல் நீதி படிக்கப் போய், பெற்ற தாயையே பாடமாகக் கேட்பேன் என்று நினைத்தாயா?

எழுந்து நின்றேன். "எங்கம்மாவும் பல்டி அடிச்சவங்கதான் சார். எதுக்குன்னு கேளுங்க" என்றேன். யாரும் கேட்கவில்லை. அதையே ஆய்வுத் தலைப்பாக எழுதிக் கொடுத்தேன். "சொந்தக் கதை ஆய்வாகாது, வேறு தலைப்பு பார்" என்று தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

மறையூர் வெல்லக் கொட்டகையில் பாகு அடிப்பிடித்ததற்காக, மேஸ்திரி விறகுக்கட்டையால் அடித்து, உன்னோடு வேலை பார்த்த செல்வி அக்காவின் கையை முறித்தான். பார்த்தது நீ ஒருத்திதான். போலீஸிடம் தைரியமாகச் சொன்னாய். ஆனால் கோர்ட்டுக்கு நேரத்துக்குப் போய்ச்சேர காலையில் ஒரே ஒரு மூணாறு பஸ்தானே? முன் சீட்டில் செல்வி அக்கா. நடுவில் நீயும், எட்டாவது படித்த நானும். நமக்குப் பின்சீட்டில், ஜாமீனில் வந்த மேஸ்திரி.

அவன் தனக்கும் நமக்குமாக மூன்று டிக்கெட் எடுத்தான். "புள்ளைக்கும் சேர்த்தே எடுத்துட்டேன். சாயங்காலம் இதே பஸ்லதான திரும்பணும்?" என்று சிரித்தான். நீ என் கையை இறுக்கிப் பிடித்தாய், வலித்தது. கூண்டில் ஏறி, "நான் ஒண்ணும் பார்க்கலைங்க" என்றாய். அவன் விடுதலையானான். அதற்குப் பிறகு சாகும்வரை நீ செல்வி அக்கா வீட்டு வழியே போகவில்லை, ஊரைச் சுற்றித்தான் நடந்தாய்.

லீவுக்கு வந்த நான் நேற்று அந்த வழியே போனேன். அக்கா அந்த வளைந்த கையாலேயே டீ போட்டுக் கொடுத்தார். வகுப்பில் நடந்ததை அவரிடம் சொன்னேன்.

"உங்கம்மா மேல எனக்குக் கோவம் இன்னும் இருக்கு. இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன்" என்றார். "ஆனா அவன் டிக்கெட் எடுத்ததை நானும் பார்த்தேன். கோர்ட்ல யாரும் அதைக் கேக்கல. உங்க சார் நம்பலைன்னா கூப்பிடு. உங்கம்மாவுக்கு நான் சாட்சி சொல்றேன்."

அங்கேயே அழுதுவிட்டேன் அம்மா.

எனக்கும் உன்மேல் கோபம் உண்டு. ஆனால் உன்னைப் பார்த்துச் சிரிக்க ஒருத்தரையும் விடமாட்டேன். திங்கட்கிழமை அதே தலைப்பைத் திரும்பக் கொடுப்பேன். மறுத்தால் மறுபடியும் கொடுப்பேன். சாட்சிப் பாதுகாப்பு என்று எங்கள் புத்தகத்தில் ஒரு முழு அத்தியாயமே இருக்கிறது. அதை எழுதியவர் நம்மூர் பஸ்ஸில் ஏறியிருக்க மாட்டார்.

ஒன்று மட்டும் சத்தியம். படிப்பு முடித்து வந்தபின், அந்தக் காலை பஸ்ஸில் பயந்த முகத்தோடு ஒரு சாட்சி ஏறினால், பக்கத்து சீட்டில் நான் உட்கார்வேன். இரண்டு டிக்கெட்டையும் நானே எடுப்பேன்.

சாட்சி முத்தம்மாவின் மகள்,
ரேவதி