ஒன்பதாம் நெரையில் மழை

நவம்பர் 8, வெள்ளி

நான் இயக்கிய படம் வெளியாகி இரண்டாவது நாள். "ஒன்பதாம் நெரை" நல்ல படமா, குப்பையா? மழையில் ரப்பர் பால்வெட்டுக் கத்தியோடு பேய் வரும் காட்சிக்காகவே பார்க்கலாம் என்கிறது ஒரு பத்திரிகை. ஆறு பேரை வெட்டும் பேய்க்குக் காரணமே இல்லை, இயக்குநருக்கும் தெரியாது போல என்கிறது இன்னொன்று. இரண்டையும் நான்கு முறை படித்துவிட்டேன். இரண்டுமே சரியென்று படுகிறது.

நவம்பர் 9

ஈப்போ தியேட்டரில் பாதி சீட் காலி. அம்மா வரவில்லை. "முட்டி வலிக்குதுலா," என்கிறாள். கதை அவள் தங்கை செல்லாயி சித்தியுடையது. நான் பிறக்குமுன்பே, மழையில் பால் வெட்டும்போது தன் நெரையிலேயே, தனக்கென்று ஒதுக்கிய ரப்பர் மரவரிசையிலேயே, வழுக்கி விழுந்து செத்தவள். படத்தில் பேரை மாற்றிவிட்டேன். சன்னாசி சித்தப்பா முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டினார். பெண்டாட்டி பேயாக வருவதை எப்படித்தான் பார்த்தாரோ, பாவம்.

நவம்பர் 10

செமோரிலிருந்து வந்த பத்துமலை என்ற பெரியவர் படம் முடிந்ததும் என்னைப் பார்த்துச் சிரித்தார். முப்பது வருஷம் பால் வெட்டியவராம்.

"மழையில யாரும்மா மரம் வெட்டுவா? பால் புடிக்கிற மங்குல தண்ணிதான் நிக்கும். அன்னைக்குப் பேர் கூப்புடற பெரட்டே கெடையாது. எல்லாம் வீட்டுல கெடப்போம்."

அசடு வழிந்தேன். தோட்டத்துப் பிள்ளை என்று பேட்டி கொடுத்தவள் ஒரு மரத்தைக்கூட வெட்டியதில்லை.

நவம்பர் 11

ஆனால் மழை நான் சேர்த்தது இல்லையே. அம்மா சொன்னதுதானே? அவளும் பால் வெட்டியவள். சித்தி அன்றைக்கு வேலைக்கே போகவில்லையென்றால் – எங்கே விழுந்தாள்?

நவம்பர் 12

கேட்கவில்லை. தைரியம் இல்லை.

நவம்பர் 14

அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கேட்டேன். நிமிரவில்லை.

"மழ பேஞ்சிச்சு. எல்லாரும் லயத்து வீட்டுலதான் இருந்தோம். சன்னாசி அடிச்ச அடில வாசப்படில விழுந்தா. அவனும் ஜெயிலுக்குப் போனா ரெண்டு புள்ளைங்கள யாரு பாப்பான்னு உங்கப்பா கேட்டாரு. நெரையில வழுக்கி விழுந்து செத்ததா சொல்லிட்டோம்."

லயம் முழுக்கவா இந்தப் பொய்யைச் சொன்னது? யார்மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. அம்மாமேல வருது. என்மேலயும் வருது. அந்தாளு கைதட்டுனானே – நானும் கையெடுத்துக் கும்பிட்டேனே.

நவம்பர் 17

அம்மா இன்று காலைக் காட்சிக்கு வந்தாள். கடைசிவரை உட்கார்ந்திருந்தாள். பேய் ஒவ்வொருவராக வெட்டும்போதும் செத்தவன் முகத்தை உற்றுப் பார்த்தாள். வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆறு பேர வெட்டுனா. சன்னாசி எங்க, குமுதா?"

"எனக்குத் தெரியாதேம்மா, அப்ப."

"இப்ப தெரிஞ்சிருச்சுலா," என்றாள்.