சர்க்கரை கரையாது

12-1-1991, சனி. காலை 7.10. மீட்டரில் 84,316.

அக்கா வீட்டுக்காரர் நாகப்பன் மாமாவின் வாடகைக் காரைப் படப்பையில் முனிரத்தினம் பட்டறைக்குக் கொண்டுபோனோம். மேட்டில் இழுக்கவில்லை, அவ்வளவுதான். குவைத் தகராறு வந்ததிலிருந்து பெட்ரோல் பங்கில் வரிசை. வாலாஜாபாத் ரோட்டில் கேனில் விற்பவனிடம்தான் மாமா பெட்ரோல் வாங்குகிறார்.

முனிரத்தினம் இடது காலில் துணிக்கட்டோடு நொண்டி நொண்டி வந்தார். ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவினார், விரலில் தேய்த்தார், மோந்தார். "பெட்ரோல் சரியில்ல நாகப்பா. உள்ள சக்கர கீது. கம்முனு வுட்டா எஞ்சினு பூடும்."

பெட்ரோலில் சர்க்கரையாம்! எந்தக் காலத்துக் கதை. "சர்க்கரை பெட்ரோல்ல கரையாது மேஸ்திரி. நான் டிப்ளமா மெக்கானிக்கல்."

"அத்தச் சொல்லல தம்பி, நா சொல்றது இன்னான்னா—"

முடிக்க விடவில்லை. பக்கத்தில் லூர்தம்மாள் டீக்கடையில் சர்க்கரை வாங்கினேன். பாட்டிலில் பெட்ரோலோடு போட்டுக் குலுக்கி, டிரைவர்கள் எல்லோரும் பார்க்கத் தூக்கிக் காட்டினேன். அடியில் அப்படியே கிடந்தது. ஒருவன் கத்தினான்: "இன்னா மேஸ்திரி, கார்புரேட்டர்ல டீ போட்டியா?" ஒரே சிரிப்பு. முனிரத்தினம் உள்ளே போய்விட்டார். அவருக்காக ஆற்றி வைத்திருந்த சர்க்கரை இல்லாத டீயை லூர்தம்மாள் கீழே ஊற்றினாள்.

"அப்போ கேன் பெட்ரோலையே ஊத்தலாமா மச்சான்?" என்றார் மாமா.

"தாராளமா."

17-1-91

கம்பெனி ஆய்வுக்கூடத்தில் திரும்பச் செய்து பார்த்தேன். போட்டது 10 கிராம். வடிகட்டிக் காயவைத்து எடுத்தது 9.98. அதைப் பாட்டிலில் போட்டு, 'ஆதாரம்' என்று லேபிள் ஒட்டி மேசையில் வைத்திருக்கிறேன்.

27-1-91

முனிரத்தினத்துக்கு 'சக்கர மேஸ்திரி' என்றே பெயர் வந்துவிட்டதாம். இன்று பட்டறையில் ஒரே ஒரு வண்டி. புளுகினால் இப்படித்தான்.

5-2-91

மாமா வண்டியில் ஆயில் பார்த்தேன். போன வாரத்தைவிட அரை விரல் ஏறியிருக்கிறது. ஊற்றாமல் ஆயில் எப்படி ஏறும்?

கம்பியைச் சரியாகத் துடைத்திருக்க மாட்டேன்.

17-2-91, ஞாயிறு

வாலாஜாபாத்துக்கு நாலு மைல் இருக்கும்போது எஞ்சின் ஜாம். உள்ளே கல்யாணப் பெண். ஒன்பதுக்கு முகூர்த்தம், மணி 8.20. வழியில் வந்த டிராக்டரில் பெண்ணை ஏற்றி அனுப்பினார்களாம். நான் சைக்கிளில் போய்ச் சேர்ந்தபோது மாமா பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா நின்றிருந்தார். என்னைத் திட்டவில்லை. திட்டித் தொலைச்சிருக்கலாம்.

செங்கல் சூளை லாரி ஓட்டுவதை விட்டுவிட்டு, இந்தக் காரை நம்பித்தானே வந்தார்?

19-2-91

முனிரத்தினம்தான் எஞ்சினைப் பிரித்தார். வேறு யாரிடமும் தர மாமா சம்மதிக்கவில்லை. வடிந்த ஆயில் தண்ணீராக ஓடியது. சீமெண்ணெய் நெடி. கேன் பெட்ரோலில் கலந்திருந்த சீமெண்ணெய் எரியாமல் ஆயிலில் இறங்கியிருக்கிறது. அதனால்தான் அளவு ஏறியது. எனக்குத் தெரியாதா இது? பரீட்சையில் எழுதியவன்தானே? ஆயில் நீர்த்துப்போனதால் பேரிங் தகடெல்லாம் உரிந்து, கிராங்க் தண்டும் போய்விட்டது.

"நீங்க சர்க்கரைன்னுதானே சொன்னீங்க?" என்றேன். கேட்டிருக்கவே கூடாது.

"சக்கரன்னா டீல போடறதுதானா தம்பி? நா சக்கர நோவச் சொன்னேன்." செருப்பைக் கழற்றி, துணிக்கட்டை அவிழ்த்தார். இரண்டு விரல் இல்லை. "ஆணி குத்திக்கினு மூணு நாளு நடந்துக்கீறேன். வலியே இல்ல. வலிக்கலன்னா நல்லாக்கீதுன்னுதான நெனப்போம்? உள்ள அரிச்சிக்கினே போவும். உங்க வண்டியும் நல்லாத்தான ஓடிச்சி?"

மாமா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அன்று இன்னும் பத்து விநாடி வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால்.

23-2-91, சனி

திங்கள் முதல் மாமா திரும்பவும் சூளை லாரிக்குப் போகிறார். கார் பட்டறை ஓரத்தில் தார்ப்பாய்க்குள். எனக்குச் சாப்பாடு போடும்போது அக்கா முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். "கேன்காரன் ஏமாத்திட்டான்," என்று மாமாதான் சமாதானம் சொல்கிறார். அது அதைவிட மோசமாக இருக்கிறது.

செய்ய வேண்டியவை:

1. மேசையிலிருக்கும் பாட்டிலின் லேபிளைக் கிழிக்க வேண்டும்.

2. ஏமாற்றியது கேன்காரன் மட்டுமில்லை, 'தாராளமா' என்று சொன்னது நான் என்று அக்கா எதிரில் மாமாவிடம் சொல்ல வேண்டும்.

3. ஷிப்ட் முடிந்ததும் தினமும் பட்டறைக்குப் போய் எஞ்சின் பாகங்களைக் கழுவித் தர வேண்டும். முனிரத்தினம் அண்ணனால் குந்தி எழ முடியவில்லை.

4. நாளை காலை லூர்தம்மாள் கடையில், டிரைவர்கள் எல்லோரும் இருக்கும்போது, அண்ணன் சொன்னதுதான் சரி என்று சொல்ல வேண்டும். அன்றைக்கு எவ்வளவு சத்தமாகப் பேசினேனோ, அதே சத்தத்தில்.