ஏழடிப் பெட்டி

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நாங்கள் இருவரும் நலம், அம்மாவின் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் சுகம் என்று கடிதம் வந்த பிறகுதான் அவளுக்குச் சாப்பாடு இறங்கியது. நடந்ததை அம்மா போனில் அரைகுறையாகச் சொல்லியிருப்பாள், முழுதும் கேள். சண்டை தொடங்கியதிலிருந்து எங்கள் பட்டறையில் மேசை நாற்காலி எல்லாம் நின்று, ராணுவத்துக்குச் சவப்பெட்டிதான் செய்கிறோம். அவர்கள் அனுப்பும் ஆர்டர் சீட்டில் பெயர் வராது, பெட்டியின் நீளம் மட்டும் வரும். வெளியே மூச்சு விடக்கூடாது என்று எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினார்கள், நானும் போட்டேன். போன மாதம் ஒன்பது பேர் இறந்ததாக வானொலி சொன்ன வாரத்தில் நாங்கள் முப்பத்தொரு பெட்டி அனுப்பினோம். அதில் ஒன்று ஏழடி. அதற்குப் பலகை அறுக்கும்போதே அது யாருக்கு என்று எனக்குப் பட்டுவிட்டது. எதிர்வீட்டுத் தையல்காரம்மாவின் மகன், உன்னோடு படித்த நெட்டையன், அவனை விட்டால் இங்கிருந்து போன படையில் அந்த உயரம் யாரும் கிடையாது. அந்த அம்மா தினமும் ராணுவ அலுவலகத்துக்கு நடந்தாள், நலமாக இருக்கிறான் என்று ஒரே பதில். பத்து நாள் பொறுத்தேன். பிறகு போய், பேரு தெரியாதும்மா, ஏழடிக்கு ஒண்ணு செஞ்சேன், மனசு கேக்கல என்று சொல்லிவிட்டேன். அவள் அழவில்லை. நேரே போய் அந்த ஏழடிப் பெட்டியில் இருந்தது யார் என்று அதிகாரியிடமே கேட்டிருக்கிறாள். அவர் முகம் போன போக்கே பதில் சொல்லிவிட்டதாம்.

மறுநாள் என்னைக் கூப்பிட்டார்கள். அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். இதெல்லாம் எதிரிக்குத்தான் உதவும், குடிச்சிட்டு உளறிட்டேன்னு ரெண்டு வரி எழுதிக் குடுத்துட்டு வேலையப் பாருங்க மேஸ்திரி என்றார். நான் குடிப்பது உன் அம்மா போடும் கசப்புக் காபி ஒன்றுதான், அதற்கு உளறல் வராது. படை எங்கே நிற்கிறது என்பது ரகசியமாகவே இருக்கட்டும். பிள்ளை செத்ததைப் பெற்றவளிடம் மறைப்பதை ரகசியம் என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். திங்கட்கிழமை விசாரணை. ஜெயில் வரை போகலாம் என்கிறார் வக்கீல். பயமில்லை என்று சொன்னால் அது பொய். அம்மா மூன்று நாள் என்னோடு பேசவில்லை, இன்று காலை என் வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டி வைத்திருக்கிறாள்.

எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிடுங்கள் அப்பா என்று நீ கேட்டிருக்கிறாய். எழுதினால் அப்படி ஒரு பெட்டியே இல்லை என்று ஆகிவிடும், அதை எங்கே புதைத்தார்கள் என்று கேட்கக்கூட தையல்காரம்மாவுக்கு வழி இருக்காது. எழுத மாட்டேன். அந்த வாரம் முப்பத்தொரு பெட்டி போனதையும் விசாரணையில் சேர்த்தே சொல்லப் போகிறேன். நீ லீவு போட்டு ஓடி வர வேண்டாம், அம்மாவுக்கு மட்டும் ஒருநாள் விட்டு ஒருநாள் போன் செய். நீங்கள் இருவரும் குறையில்லாமல் நீண்ட காலம் வாழ வேண்டும். என் மேல் கோபம் வந்தால் ஒன்றை மட்டும் நினைத்துப் பார். தூர தேசத்தில் உனக்கு ஒன்று ஆகி, அது தெரிந்த ஒருவன் தன் வேலைக்குப் பயந்து என்னிடம் வாய் திறக்காமல் இருந்தால், அவனை நான் சாகும்வரை மன்னிக்க மாட்டேன்.

இப்படிக்கு,
உன் அப்பா