எனக்கு வைத்த முதல் தெரிவு

இஞ்சருங்கோ,

இன்றைக்குக் காலையில் றேடியோ மேசை இழுப்பறையை ஒதுக்கும்போது உங்களுடைய சீட்டுக் கடதாசிக் கட்டு கையில் வந்தது. றப்பர் பாண்டைத் தொட்டதுமே அது இற்று விழுந்தது. ஜாக் இல்லை, ஒன்பது இல்லை, ஒரு ராசா ராணிகூட இல்லை. இரண்டிலிருந்து ஆறு வரையான சின்னக் கடதாசிகள் மட்டும். முந்நூற்றிநாலு விளையாட உட்காருகிற நம் ஆட்கள் கட்டைப் பிரித்ததும் முதல் வேலையாகத் தூக்கி ஒதுக்கி வைப்பார்களே, அவைதான். உங்கள் உடுப்புகளைப் பிரித்துக் கட்ட அஜக்ஸிலிருந்து வந்திருந்த மகன் எட்டிப் பார்த்தான்.

"பாதிக் காட்ஸ் மிஸ்ஸிங் அம்மா. எறியட்டோ?"

"வையடா உதை. உது அப்பான்ரை டீம்."

அவன் சிரித்தான். பிறகு, சிரித்தது பிழையோ என்று என் முகத்தைப் பார்த்தான். இப்போது எல்லோரும் என் முகத்தைத்தான் பார்க்கிறார்கள். மாசியில் நீங்கள் போனதிலிருந்து நான் அழவில்லை. அழக்கூடாது என்று வைராக்கியம் ஒன்றும் இல்லை, வரவில்லை, அவ்வளவுதான். தேத்தண்ணி போடுகிறேன், குடிக்கிறேன், அது சூடா ஆறியதா என்று தெரிவதில்லை. ஆட்கள் வந்து கையைப் பிடிக்கிறார்கள். யாருடைய கையையோ பிடிப்பது போலிருக்கிறது.

உங்களுக்கு இது புதிதாக இராது. இந்த ஊருக்கு நான் வந்து இறங்கியபோதும் இப்படித்தானே இருந்தேன்.

எண்பத்திமூன்றின் தொடக்கத்தில் எங்களுக்குக் கலியாணம். அந்த ஆடிக் கலவரத்தோடு கொழும்பு வேலையும் போய், நீங்கள் கனடாவுக்குப் புறப்பட்டீர்கள். சேர்ந்திருந்தது சில மாதங்கள்தான், அதிலும் பாதி நாள் நீங்கள் கொழும்பிலும் நான் யாழ்ப்பாணத்திலும். பிறகு என்னை எடுப்பிக்கப் பத்திரங்கள் எல்லாம் அனுப்பினீர்கள். நான் வரவில்லை. அப்பா பாரிசவாதத்தில் படுக்கையாகக் கிடந்தார், தபால் கந்தோரில் எனக்கு வேலை இருந்தது. 'இப்போது வர ஏலாது' என்று எழுதினேன். 'சரி' என்று பதில் எழுதினீர்கள். அந்தச் சரிக்குப் பின்னால் கோபம் இருக்கிறதா என்று கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தும் எனக்குப் பிடிபடவில்லை.

அப்பா கண்மூடி, அந்தியேட்டி முடிந்த கையோடு, எண்பத்தாறின் கடைசியில் வந்தேன். அப்போதும் வேலையை விடவில்லை, சம்பளமில்லாத லீவுதான் எடுத்திருந்தேன். "அடுத்த வருசம் புரட்டாதியோடை லீவு முடியுது" என்று விமான நிலையத்திலிருந்து வருகிற வழியிலேயே சொன்னேன். "ஓம்" என்றீர்கள். நில்லும் என்றும் சொல்லவில்லை, போம் என்றும் சொல்லவில்லை. வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. அதை முதன்முதல் பார்க்கிற ஆள் வாயைப் பிளக்க வேண்டும். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

வெலஸ்லி வீதி அப்பார்ட்மென்றில் உங்களோடு வாடகையைப் பங்குபோட்டுக் குகனும் இருந்தான். ஹோட்டலில் கோப்பை கழுவுகிற வேலை, நாள் முழுக்க ஓயாத வாய். அவன்தான் எனக்கு முதலில் விளங்கப்படுத்தினான், என் மனிசன் கனடாவில் இருந்துகொண்டு ஏரிக்கு அக்கரையிலுள்ள அமெரிக்க நகரத்து ஃபுட்போல் அணியொன்றைக் கட்டிக்கொண்டு அழுகிறார் என்று. எங்கள் ரிவி அந்தனாவில் அந்த நகரத்து அலைவரிசைகள்தான் தெளிவாக விழுந்தன. அதிலும் பாருங்கள், மைதானம் நிறையாவிட்டால் சொந்த ஊரில் நடக்கிற ஆட்டத்தைக் காட்டமாட்டார்கள். தோற்றுக்கொண்டேயிருக்கிற அணியின் மைதானம் எப்படி நிறையும்? ஆகவே நீங்கள் வேலை செய்த கார் பார்க் கூண்டுக்குள் இருந்து றேடியோவில் கேட்டுத்தான் அதிகமும் தோற்றீர்கள்.

ஆட்டத்தை ரிவியில் காட்டியபோதும் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. பேர் ஃபுட்போல், பந்தை எறிவதோ கையால். மலை மலையான ஆண்கள் ஓடி வந்து மோதி, ஒருவன் மேல் ஒருவன் விழுந்து எழும்புகிறார்கள். அரை மணித்தியாலத்தில் பந்து போன தூரம் எங்கள் வளவின் நீளம்கூட வராது. ஆனால் நீங்கள் ஆட்டத்துக்காக வாழவில்லை, டிராஃப்டுக்காக வாழ்ந்தீர்கள். ஒவ்வொரு சித்திரையிலும், கல்லூரியில் விளையாடி முடித்த பெடியன்களை அணிகள் ஒவ்வொன்றாகத் தெரிவு செய்கிற நாள் அது. போன வருடம் ஆகக் கேவலமாகத் தோற்ற அணிக்கே முதல் தெரிவு. "தோத்தவனை முதல் கூப்பிடுற இடம் வேறை எங்கையும் கண்டனீரோ?" என்று கேட்டீர்கள். நான் காணவில்லைத்தான்.

அந்தப் பெடியன்கள்தான் இந்தச் சின்னக் கடதாசிகள். முந்நூற்றிநாலில் வேண்டாம் என்று தள்ளியவற்றைச் சாப்பாட்டு மேசையில் பரப்பி, யார் முதல், யார் பிறகு என்று மாதக்கணக்கில் மாற்றி மாற்றி வைப்பீர்கள். எந்தக் கடதாசி யார் என்று எதிலும் எழுதியதில்லை. எல்லாம் உங்கள் தலைக்குள். இன்று காலை மேசையில் பரப்பிப் பார்த்தேன். ஒருவனையும் அடையாளம் தெரியவில்லை, ஒன்றைத் தவிர.

கிளாவர் இரண்டு. நான் வந்தபோது அது கட்டுக்குள் இல்லை, றேடியோவில் சாய்த்து வைத்திருந்தது. துடைக்க எடுத்தபோது குகன் பதறிப்போனான்.

"ஐயோ அக்கா, அதை வையுங்கோ! மூண்டு வருசமா அண்ணை உதை ஒருத்தரையும் தொட விடேல்லை."

அவன் சொல்லித்தான் கதை தெரியும். நீங்கள் இங்கே வந்த வருடம் உங்கள் அணி பந்து எறிகிற ஒரு கெட்டிக்காரனைத் தெரிவு செய்ததாம். அவன் வரமாட்டேன் என்று வேறொரு புது லீக்குக்குப் போய்விட்டானாம். போனவனை விட்டுத்தள்ளுங்கோ அண்ணை, வேறை ஆளை யோசியுங்கோ என்று குகன் ஒவ்வொரு வருடமும் சொல்ல, நீங்கள் ஒரே பதிலைத்தான் சொல்வீர்களாம்: "அவனை ஆரும் எடுக்கேலாது. உரிமை எங்களிட்டைக் கிடக்கு. வருவான்." கடைசியில் அந்தப் புது லீக் இழுத்து மூடப்பட, நான் வருவதற்குச் சற்று முன்புதான் அவனும் வந்து சேர்ந்திருந்தான். அக்கரை நகரமே கூடி நின்று வரவேற்றதாம். ஏன் அப்போது வரவில்லை என்று அவனிடம் யாராவது கேட்டார்களா என்று குகன் உங்களிடம் கேட்டிருக்கிறான். "வந்திட்டான் தானே, பிறகென்ன கேள்வி?" என்றீர்களாம்.

சொல்லிவிட்டுக் குகன் என்னைப் பார்த்துச் சிரித்தான். எனக்கு விளங்காமலா? எனக்கென்று வைத்ததுதான் வைத்தீர்கள், இதயம் போட்ட ஒரு ஆட்டினாவது வைத்திருக்கக் கூடாதா? இருக்கிறதிலேயே சின்னக் கடதாசி, அதுவும் கறுப்பு.

அந்த மாரியில் ஒருநாள் கார் பார்க்கிலிருந்து விறைத்த கையோடு வந்தீர்கள். நான் ஓடிப்போய்ச் சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்தேன். "சுடுதண்ணி கூடாது" என்று மூடிவிட்டு, லேசான வெதுவெதுப்பில் விரல்களை வைத்துக்கொண்டு சும்மா நின்றீர்கள். "அவசரப்படுத்தினால் எரியும். தன்ரை பாட்டிலை வரும்." என்னையும் நீங்கள் அப்படித்தான் வைத்திருந்தீர்கள். பகலெல்லாம் நான் யன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாலும் என்ன யோசினை என்று ஒருநாளும் கேட்கவில்லை. வந்து கடதாசிகளைப் பரப்புவீர்கள், நான் எதிரே இருப்பேன்.

சித்திரை வந்தபோது திட்டம் முழுவதும் எனக்கே பாடமாகிவிட்டிருந்தது.

"எறியிறவன் இப்ப வந்திட்டான். இனி ஓடிப் பிடிக்க ஒருத்தன் வேணும்" என்று டைமன் ஐந்தை மேலே வைத்தீர்கள்.

"எறியிறவனை ஆரும் விழுத்தினால்?" என்று கேட்டேன்.

"விழுத்த விடாமல் முன்னுக்கு அஞ்சு பேர் நிப்பாங்கள்."

"அவங்கள் எப்ப பந்தை எடுக்கிறது?"

"எடுக்கிறேல்லை. மறிச்சுக்கொண்டு நிக்கிறதுதான் வேலை."

"அப்ப அவங்களுக்கு ஆர் கைதட்டுறது?"

"ஒருத்தரும் இல்லை. பிழை விட்டால் மட்டும் பேரைச் சொல்லுவாங்கள்."

"அப்பிடி ஒருத்தனை எடுங்கோ" என்றேன்.

குகன் மேசையில் அடித்துச் சிரித்தான். "அக்கா வந்து குளிர் விடேல்லை, அதுக்குள்ளை கோச் ஆகீட்டா!" நீங்கள் சிரிக்கவில்லை. மாதக்கணக்காகக் கட்டிய திட்டத்தைக் கலைத்து, டைமன் ஐந்துக்கு மேலே ஸ்கோப்பன் ஆறை வைத்தீர்கள். "நல்ல உடம்புக்காரன். ஆனால் பதப்பட மூண்டு வருசம் செல்லும்" என்றீர்கள். மூன்று வருசம் என்னும்போது என்னைப் பார்த்துவிட்டு உடனே கடதாசியைப் பார்த்தீர்கள். டிராஃப்ட் அன்று லீவு போட்டு றேடியோவுக்கு முன்னால் இருந்தோம். அவர்கள் எங்கள் பேச்சைக் கேட்கவில்லை, வேறு யாரையோ எடுத்தார்கள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் 'சிக்' என்றோம்.

ஆவணியில் நயாகராவுக்குக் கூட்டிக்கொண்டு போனீர்கள். சனமெல்லாம் தண்ணீரைப் பார்க்க, நீங்கள் மட்டும் அக்கரையைப் பார்த்தபடி நின்றீர்கள். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் கார் ஓடினால் உங்கள் மைதானம். விசா இல்லாத எங்களுக்கு அதுவே எல்லை. என் லீவு முடிய இன்னும் சில கிழமைதான் இருந்தது. போவதா நிற்பதா என்று நான் முடிவெடுக்கவில்லை. ஒன்றையும் விரும்பத் தெரியாமல் இருந்தேன் என்பதுதான் உண்மை. நீங்கள் ஏதோ சொன்னீர்கள், நீரின் இரைச்சலில் கேட்கவில்லை. "என்ன?" என்றேன். திரும்பவும் சொன்னீர்கள். "கேக்கேல்லை!" என்றேன். வாழ்க்கையில் குரல் உயர்த்தாத மனிதர், சுற்றி நின்ற சனம் திரும்பிப் பார்க்கக் கத்தினீர்கள்:

"அடுத்த வருசம் முதல் தெரிவு உம்முடையது! நான் வாயே திறக்கமாட்டன், நீர்தான் எடுக்கிறது!"

அடுத்த டிராஃப்ட் சித்திரையில். என் லீவு அதற்கு முந்திய புரட்டாதியில் முடிகிறது. நில்லும் என்ற ஒரு சொல்லைச் சொல்ல வராமல், அதைச் சுற்றி இவ்வளவு பெரிய வேலியைப் போட்டீர்கள். உங்கள் கழுத்தெல்லாம் சிவந்திருந்தது. நான் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு "ஓம்" என்றேன். அடுத்த கிழமை தபால் கந்தோருக்கு வேலையை விடுவதாக எழுதிப் போட்டேன்.

இலையெல்லாம் கொட்டி முடிகிற நேரம், ஒருநாள் வேலையால் வந்து சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் கதிரையில் இருந்தீர்கள். ஊரில் அப்போது பெரிய சண்டை நடந்துகொண்டிருந்தது. அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்தேன்.

"ஊரிலை ஏதுமோ?"

"இல்லை."

"வேலை போயிட்டுதோ?"

"இல்லை. உம்மடை தெரிவைக் குடுத்திட்டாங்கள்."

"எந்தத் தெரிவை?"

"எங்கடை அணியின்ரை அடுத்த வருச முதல் தெரிவு. வேறை அணியிலை ஒரு ஆளை வாங்குறதுக்கு மாத்திப் போட்டாங்கள். அதுக்கு அடுத்த வருசத்தையும் சேர்த்து." பிறகு மெல்லச் சொன்னீர்கள், "என்னை ஒரு சொல்லுக் கேக்கேல்லை."

எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த வீட்டில் நான் சிரித்த முதல் சிரிப்பு. வேலையையும் விட்டு, ஊரையும் விட்டு, எதை நம்பி நின்றேனோ அதை யாரோ ஒருவன் அக்கரையில் இருந்து விற்றுவிட்டான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். சிரிப்பு எப்போது அழுகையானது என்று தெரியாது. அப்பாவின் சவத்துக்கு முன்னால் வராத அழுகை அன்றைக்கு வந்தது. எரிந்தது. நீங்கள் பக்கத்தில் சும்மா நின்றீர்கள், குழாயடியில் நின்ற மாதிரி.

அந்த இரண்டு வருடமும் முதல் தெரிவு இல்லாமலே கழிந்தன. பிறகு பிள்ளை, வீடு, இரண்டு வேலை என்று வாழ்க்கை ஓடியது. ரூஜில் சொந்த வீட்டுக்கு வந்த பிறகு உங்கள் மேசை பெரிதானது, கடதாசிகள் அதே கடதாசிகள். எனக்கு வைத்த தெரிவைப் பற்றி நீங்களும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

என்னிடம் நீங்கள் ஒருபோதும் கேட்காத கேள்விக்கு இப்போது பதில் சொல்கிறேன். முதலில் ஏன் வரவில்லை என்றால், உங்களை எனக்குத் தெரியாது. அப்பா காரணம்தான், நல்ல காரணமும்கூட. ஆனால் அவர் எழும்பி நடந்திருந்தாலும் வந்திருப்பேன் என்று சொல்ல மாட்டேன். அந்தப் பெடியனைப் போலத்தான், மற்ற லீக் மூடினபடியால் வந்தேன். உங்களுக்கு இது தெரிந்திருக்கும் என்று இப்போது நினைக்கிறேன். தெரிந்துகொண்டுதான் கேட்காமல் விட்டீர்கள். ஆனால் நின்றது அப்படியில்லை. நின்றது நானே எடுத்த முடிவு. எனக்கு வைத்த முதல் தெரிவில் நான் எடுத்த ஆள் நீங்கள்தான்.

கைவிரல்கள் இன்னும் விறைத்தே இருக்கின்றன. அவசரப்படுத்தவில்லை. எரியும் என்று தெரியும், எரியட்டும் என்று பார்த்திருக்கிறேன்.

கட்டுக்குள்ளிருந்து கிளாவர் இரண்டை எடுத்து றேடியோவில் சாய்த்து வைத்தேன். மகன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனவன் நின்றான்.

"அது ஆர் அம்மா?"

"அவரை ஆரும் எடுக்கேலாது" என்றேன். "உரிமை எங்களிட்டைக் கிடக்கு."

அதற்கு மேலே நீங்கள் 'வருவான்' என்று ஒரு சொல் சொல்வீர்கள். அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.