செவலையிடம் விட்ட துண்டு

பாப்பாவுக்கு,

நாய்க்குட்டி வேண்டாம் என்று நேற்று போனில் சொன்னாய். "நான் அடிச்சதுலதான செவலை ஓடிப்போச்சு, எனக்கு எதுக்குப்பா இன்னொன்னு?" என்றாய். நான் பேச்சை மாற்றினேன். மூன்று வருடமாக அதைத்தான் செய்கிறேன்.

திருவாதவூர்க் கண்மாய்க்கரையில் கேம்ப் போட்டபோது, கூடாரத்தைக் கடித்துக் கிழித்ததற்காக நீ அதை ஒரு அடி அடித்தாய். அரைமணி நேரத்தில் அது உன் கையை நக்கிக்கொண்டிருந்தது.

நான் குளிக்கும்போது துண்டைக் கரையில் போட்டு "பாத்துக்கடா" என்றால், அதை நான் எடுக்கும்வரை செவலை நகராது. அன்றும் சொன்னேன். திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. வேறு பக்கமாகக் கரையேறி ஓடிவந்து, கூடாரத்தைச் சுருட்டிக் காரில் போட்டேன். கூப்பிட்டேன், வரவில்லை. "திமிரப் பாரு, தானா வரும்" என்று வண்டியை எடுத்தேன்.

ஒத்தக்கடை தாண்டும்போதுதான் துண்டு ஞாபகத்துக்கு வந்தது. நீ பின்சீட்டில் அழுதுகொண்டிருந்தாய். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று வாயை மூடிக்கொண்டேன்.

மறுநாள் போய்விட்டு வந்து, எவ்வளவு தேடியும் காணோம் என்று உன்னிடம் சொன்னேன் அல்லவா? தேடவே இல்லை, பாப்பா. இரவு மழையில் கண்மாய் ஏறியிருந்தது. குளித்த இடத்துக்குப் பக்கத்திலேயே, கருவேலமரத்தில் செவலை ஒதுங்கிக் கிடந்தது. வாயிலிருந்த துண்டை என்னால் எடுக்க முடியவில்லை. அதோடேயே புதைத்தேன்.

அப்பா