ஐந்து மணிப் பாட்டு

ஒசாகா, அலுவலகம்
ஏப்ரல் 12

அன்புள்ள மிஹோ,

பூவைப் பற்றி நாலு வரி எழுதிவிட்டுத்தான் கடிதத்தை ஆரம்பிக்க வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். எங்கள் தெருவில் செர்ரிப் பூ மொத்தமாகக் கொட்டிச் சாக்கடையை அடைத்துக்கொண்டது. பூவைப் பற்றி இவ்வளவுதான்.

வழக்கம்போல ஆர்டர் சீட்டின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். நீ என் பக்கத்து மேசையில் இருந்த காலத்தில், பிரிவுத் தலைவர் நுகதாவின் தலைமுடி சொந்தமா வாங்கியதா என்ற ஆராய்ச்சியை இதில்தானே எழுதிக் கைமாற்றிக்கொள்வோம். நீ வேலையை விட்டுத் தனாபேக்குப் போய் இரண்டு வருஷமாகியும் எனக்கு நல்ல தாளில் எழுத வரவில்லை. நல்ல தாளைப் பார்த்தாலே பொய் எழுதத் தோன்றுகிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நம் குளியல்தொட்டி மூடிக் கம்பெனிக்குத் திடீரென்று நாகரிகம் வந்துவிட்டது. ஆர்டர் பதிவு வேலைக்கு ஒரே ஒரு ஆளை வீட்டிலிருந்து வேலை செய்யவிட்டுப் பார்க்கப் போகிறார்களாம். நுகதா நேற்று என்னைக் கூப்பிட்டார். "தோகாவா, தோதான ஆளா ஒரு பேர் சொல்லுங்க. நம்ம பழைய ஆளா இருந்தாலும் பரவால்ல. வேலை தெரிஞ்சா போதும்" என்றார். பிள்ளையை வீட்டில் வைத்துக்கொண்டு நீ இப்படி ஒரு வேலைக்கு எத்தனை நாளாகத் தவிக்கிறாய் என்று எனக்குத் தெரியாதா? சொல்வதற்கு வேறு பெயர்தான் ஏது? வியாழக்கிழமை சொல்கிறேன்.

இட்சுகி எப்படி இருக்கிறான்? பள்ளிக்கூடம் போகாவிட்டால் போகட்டும், சாப்பிடுகிறானா? என் முழங்கால் தன்பாட்டுக்குக் கடகடக்கிறது. ரயில் நிலையப் படிக்கட்டில் நான் ஏறுவது அடுத்த நடைமேடை வரை கேட்கிறதாம்.

என்றும் உன்,
மசுமி

•

தனாபே
மே 6

அன்புள்ள மசுமி அக்கா,

உங்கள் கடிதத்தை ஃப்ரிட்ஜின் மேல் காந்தம் வைத்து ஒட்டியிருக்கிறேன். நுகதாவின் முடியைப் பற்றிய பகுதியை மட்டும் மடித்து மறைத்துவிட்டேன், எப்போதாவது வந்துபோகிற என் அம்மா பார்த்தால் சிரிப்பை அடக்க முடியாது.

வேலை தேடிய கதையைக் கேளுங்கள். "வீட்டிலிருந்தே வேலை" என்று கொட்டை எழுத்தில் விளம்பரம். போய் உட்கார்ந்தால், முதல் மூன்று வருஷம் அலுவலகம் வந்து, நம்பிக்கை ஏற்பட்ட பிறகு யோசிப்பார்களாம். இன்னொரு இடத்தில் வீட்டிலிருந்து செய்யலாம், ஆனால் காலைக் கூட்டத்துக்கு மட்டும் தினமும் நேரில் வரவேண்டும். மூன்றாவது ஆள் கணினிக் காமிராவை நாள் முழுக்க மூடக்கூடாது என்றார். "கழிவறை போகணும்னா?" என்று கேட்டேன். "கையைத் தூக்குங்க" என்றார். நாலாவது இடத்தில், "பையனுக்கு உடம்பு சரியில்லன்னா லீவு போடுவீங்களா?" என்றார்கள். உடம்பெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, அறையைவிட்டு வருவதில்லை, அவ்வளவுதான் என்றேன். அவர்கள் முகத்தில் ஷட்டர் இறங்கியது.

அக்கா, உங்களிடம் மட்டும் சொல்கிறேன். நான் அடுக்களை மேசையில் விண்ணப்பம் தட்டிக்கொண்டிருந்தால், அந்தத் தட்டச்சுச் சத்தத்துக்கு இட்சுகி கதவைத் திறக்கிறான். வந்து எதிரில் உட்கார்ந்து சோறு சாப்பிடுகிறான். பேசுவதில்லை. நான் வெளியே போனால் வைத்த சோறு வைத்தபடியே இருக்கிறது. அவன் அப்பா நகோயாவிலிருந்து மாதம் ஒரு தடவை வந்து, "கண்டிச்சு வளத்திருந்தா இப்படி ஆவானா" என்று சொல்லிவிட்டுப் போகிறார். வீட்டில் ஓர் ஆள் உட்கார்ந்து வேலை செய்கிற சத்தம் மட்டும் இருந்தால் போதும் அவனுக்கு. அதனால்தான் நீங்கள் எழுதிய அந்த வீட்டு வேலை நாற்காலி எனக்கு வேண்டும்.

பழைய சாமான் கடையில் ஒரு மேசை வாங்கிவிட்டேன். அவசரக்காரி என்று திட்டுங்கள். இட்சுகிதான் கால்களைத் திருகிப் பூட்டிக்கொடுத்தான். ஆறு மாதத்தில் அவன் தானாக வந்து செய்த முதல் காரியம்.

எங்கள் ஊர் உமே பழத்து உப்பு ஊறுகாய் அனுப்பியிருக்கிறேன்.

அன்புடன்,
மிஹோ

•

ஒசாகா
ஜூன் 19

அன்புள்ள மிஹோ,

மழைக்காலம் வந்துவிட்டது. துணியும் காயவில்லை, மனசும் காயவில்லை.

ஊறுகாய் அபாரம். கஞ்சியில் ஒன்று போட்டுக் குடித்துவிட்டுத்தான் உட்காருகிறேன்.

நாற்காலி விஷயம் மேலிடத்தில் இருக்கிறது. மேலிடம் எப்படிப்பட்டது என்று உனக்கே தெரியும், குளியல்தொட்டி மூடியின் நிறத்தை மாற்றவே ஒன்றரை வருஷம் யோசித்தவர்கள். நீ அதையே நினைத்துக்கொண்டிருக்காதே.

வேறு செய்தி. எதிர்வீட்டு ஒகுனோ அம்மாளுக்குப் பகல் பதினொரு மணிக்குத் தினமும் பார்சல் வருகிறது. கொண்டுவருகிற பையனுக்கு நல்ல தோள்கள். அந்த அம்மாள் கதவைத் திறப்பதற்கு முன்னால் உதட்டுச் சாயம் பூசிக்கொள்கிறார். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்கிறாயா? தெருவில் பேசிக்கொள்கிறார்கள்.

நேற்று அலுவலகத்தில் நுகதா நன்றாகத்தான் இருந்தார். முடியும் நன்றாக இருந்தது.

திடீர்க் காற்று மாதிரி ஒரு யோசனை வந்து, உனக்கு ஷிசுவோகா முலாம்பழம் இரண்டு அனுப்பச் சொல்லியிருக்கிறேன். இட்சுகிக்கு வெட்டிக் கொடு. பதிலுக்கு எதையாவது அனுப்பித் தொலைக்காதே. வந்த பரிசின் விலையில் பாதிக்குத் துவாலைப் பெட்டி வாங்கி அனுப்பிக் கணக்கைத் தீர்ப்பதெல்லாம் பிடிக்காதவர்களோடு வைத்துக்கொள். நமக்குள் அது கிடையாது.

என்றும் உன்,
மசுமி

•

தனாபே
ஜூலை 10

அன்புள்ள மசுமி அக்கா,

முலாம்பழம் மரப்பெட்டியில் வந்து இறங்கியது. அக்கா, இது கம்பெனித் தலைவர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தால் வாங்கிப்போகிற பழம். நீங்கள் ஒரு பழம் அனுப்பியிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன். இரண்டைப் பார்த்ததும் கொஞ்சம் பயமாக இருந்தது.

நன்றி சொல்லத்தான் வியாழக்கிழமை சாயங்காலம் போனில் கூப்பிட்டேன். நீங்கள் குரலைத் தாழ்த்தி, "நுகதா இங்கயே பாத்துட்டிருக்கார்டீ, அப்புறம் பேசறேன்" என்றீர்கள். அப்போது உங்களுக்குப் பின்னால் பாட்டுக் கேட்டது. ஊர்க் கம்பத்து ஒலிபெருக்கியில் ஐந்து மணிக்குப் போடுவார்களே, அந்தப் பாட்டு. அது முடிந்ததும் ஓர் அம்மாள், "பிள்ளைகளே, மணி ஐந்தாகிவிட்டது, வண்டிகளைப் பார்த்துப் பத்திரமாக வீடு போய்ச் சேருங்கள்" என்று சொன்னாள். பிறகு ஒரு நாய் குரைத்தது.

இட்சுகி பக்கத்தில் இருந்தான். "ஒசாகாவுல ஆபீசுக்குள்ளகூட அஞ்சு மணிப் பாட்டு போடுவாங்களாம்மா?" என்று கேட்டான். "புதுசா போடறாங்க போல" என்றேன். "நாயும் புதுசா?" என்றான். பல நாளைக்குப் பிறகு அவன் பேசிய நீளமான பேச்சு அது.

நான் எதுவும் கேட்கவில்லை அக்கா. போன கடிதம் நல்ல தாளில் வந்திருந்தது, அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். முழங்கால் எப்படி இருக்கிறது? வலி குறைந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

அன்புடன்,
மிஹோ

•

நாரா, என் வீடு
ஜூலை 14

மிஹோ,

நாய் ஒகுனோ அம்மாளுடையது. ஐந்து மணிப் பாட்டுக்குக் கூடவே பாடும்.

உன் பெயரைச் சொல்கிறேன் என்று ஏப்ரலில் எழுதினேனே, அந்த வியாழக்கிழமை காலை ரயில் நிலையப் படிக்கட்டில் என் முழங்கால் மடங்கி, நடுப்படியில் உட்கார்ந்துவிட்டேன். கூட்டம் என்னைச் சுற்றிக்கொண்டு போனது, ஆற்று நடுவில் கிடக்கிற பாறையைச் சுற்றிப் போவது போல. பதினொரு மணிக்கு நுகதா கேட்டார், "அந்தப் பேர் என்னாச்சு?" உன் பெயரைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "நானே செய்யறேனே" என்று சொல்லிவிட்டது. இந்த வாய் நாற்பது வருஷமாக ஊர்க் கதையெல்லாம் பேசிக் கெட்டுப்போனது, அதை நம்பி உன் காரியத்தைக் கொடுத்தது என் தப்பு.

உடனே உனக்கு எழுதியிருக்கலாம். எழுத உட்கார்ந்தேன். அதற்குள் மேசை வாங்கிய செய்தி வந்துவிட்டது, பையன் கால் பூட்டிக்கொடுத்த செய்தியும். அதற்கு மேல் எந்த வார்த்தையில் எழுதுவது? முலாம்பழமாக அனுப்பினேன்.

வேலை எப்படி என்று கேட்பாய். அருமை மிஹோ. சொல்லவே வெட்கமாக இருக்கிறது, அவ்வளவு அருமை. கால் வலித்தால் நீட்டிக்கொள்ளலாம். ஒவ்வொரு நாளும் நீட்டும்போது உன் அடுக்களை ஞாபகம் வந்து மடக்கிக்கொள்வேன். இப்படி நீட்டி மடக்கியே முழங்காலுக்கு நல்ல பயிற்சியாகிவிட்டது.

நேற்று போய் நாற்காலியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். "அலுவலகத்துக்கே வந்துடறேன், இந்த இடத்தை மிஹோவுக்குக் குடுங்க" என்று நுகதாவிடம் தலைகுனிந்து கேட்டேன். "நல்லா யோசிச்சுச் சொல்றேன்" என்றார். மேசையைத் துடைத்து வை.

மசுமி

•

ஒசாகா, அலுவலகம்
ஆகஸ்ட் 2

மிஹோ,

உன்னிடமிருந்து பதில் இல்லை. வெயிலில் தபால்காரருக்கு மயக்கம் வந்திருக்கும் என்று நானே சொல்லிக்கொண்டேன்.

வேறு யாராவது சொல்லி உனக்குத் தெரிவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். நேற்றுக் காலைக் கூட்டத்தில் நுகதா என்னை முன்னால் வந்து நிற்கச் சொன்னார். "வீட்டிலிருந்து வேலை செஞ்சு பாத்தோம். தோகாவா மூணு மாசம் செஞ்சாங்க. அவங்களே விரும்பித் திரும்பி வந்திருக்காங்க. இதுலேர்ந்து என்ன தெரியுது? மனுஷனுக்கு மனுஷன் முகம் வேணும். அதனால சோதனை இத்தோட முடிஞ்சது" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. குனிந்து வணங்கினேன். இந்த முதுகுக்கு வேறெதுவும் தெரியாது.

உன் நாற்காலியை முதலில் எடுத்துக்கொண்டேன். அப்புறம் திருப்பிக் கொடுக்கிறேன் என்று உடைத்தும் போட்டேன். ஒரே ஆள் இரண்டும் செய்வதற்குத் தனித் திறமை வேண்டும்.

திட்டியாவது ஒரு வரி எழுது.

மசுமி

•

தனாபே
செப்டம்பர் 9

மதிப்பிற்குரிய தோகாவா மசுமி அவர்களுக்கு,

கோடையின் வெம்மை இன்னும் தணியாத இந்நாட்களில் தாங்கள் நலமுடன் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எங்கள் வீட்டில் அனைவரும் நலம்.

தாங்கள் அன்புடன் அனுப்பிய முலாம்பழங்களுக்கு உரிய நேரத்தில் நன்றி தெரிவிக்காமைக்கு மன்னிக்க வேண்டுகிறேன். அதற்கு ஈடாகாது எனினும், ஒரு சிறு துவாலைப் பெட்டியைக் கடையிலிருந்து நேரடியாக அனுப்பச் சொல்லியிருக்கிறேன். ஏற்றுக்கொண்டால் மகிழ்வேன்.

இம்மாதம் முதல் ஊறுகாய்க் கொட்டகை ஒன்றில் காலை எட்டு முதல் ஒரு மணி வரை பணிக்குச் செல்கிறேன். எனவே என் பொருட்டுத் தாங்கள் வருந்த வேண்டியதில்லை. உடல்நலத்தைப் பேணிக்கொள்ளவும்.

தங்கள்,
குசாகா மிஹோ

பி.கு. மேலே இருக்கிறதை அப்படியே தபாலில் போட்டிருக்க வேண்டும். பேனாவை மூட மனசு வரவில்லை. அக்கா, நீங்கள் எடுத்துக்கொண்டதற்கு எனக்குக் கோபமில்லை. உங்கள் கால் வலி எனக்குத் தெரியும். பொய் சொன்னதற்குக்கூடக் கொஞ்சம்தான். திருப்பிக் கொடுத்தீர்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை. நீங்கள் அங்கே உட்கார்ந்திருந்தால், அடுத்த வருஷம் இன்னொரு நாற்காலி போடுவார்கள் என்று நான் காத்திருந்திருப்பேன். கொடுத்துவிட்டால் மனசு லேசாகும் என்று கொடுத்துவிட்டீர்கள். லேசாகிவிட்டதா? நான் ஒரு மணிக்கு வீடு திரும்பும்போது சோறு வைத்தபடியே இருக்கிறது. மேசை மேல் துவைத்த துணியை மடித்து வைக்கிறேன்.

•

ஒசாகா, அலுவலகம்
அக்டோபர் 23

மிஹோ,

லேசாகவில்லை.

துவாலைப் பெட்டி வந்தது. மேல்தாளைக்கூடப் பிரிக்கவில்லை. அலமாரி மேல் இருக்கிறது, போகும்போதும் வரும்போதும் அது என்னைப் பார்க்கிறது. குளித்துவிட்டு ஈரத்தோடு நின்றாலும் நிற்பேன், அதைத் தொடமாட்டேன். தொட்டால் நமக்குள் கணக்குத் தீர்ந்துபோகும்.

உன் கடிதம் வந்த மறுநாள் காலைக் கூட்டத்தில், கம்பெனி உறுதிமொழி சொல்லி முடித்ததும் கையைத் தூக்கினேன். "வீட்டு வேலை நாற்காலி மறுபடி வேணும். இந்தத் தடவை ரெண்டு" என்றேன். நுகதாவுக்கு முடி நகர்ந்தது.

"நீங்களா வேண்டாம்னு வந்துட்டு இப்ப மறுபடி கேக்கறீங்களே, வெக்கமா இல்ல?"

"இருக்கு. நான் விரும்பி வரல. ஒரு சிநேகிதிக்குத் துரோகம் பண்ணிட்டு அத மறைக்க வந்தேன். வேலைல குறை ஒண்ணும் இல்ல, குறை எங்கிட்டதான்."

எல்லோர் முன்னாலும் சொன்னேன். நாற்பது வருஷமாக ஊர் ரகசியத்தையெல்லாம் பரப்பியவள், சொந்த ரகசியத்தைச் சொன்னபோது கேட்க அத்தனை பேரும் ஆவலாக இருந்தார்கள். "யோசிக்கறேன்" என்றார். யோசிக்கிறேன் என்றால் இல்லை என்று அர்த்தம், உனக்கும் தெரியும் எனக்கும் தெரியும். அதனால் மறுநாளும் கை தூக்கினேன். தினமும் தூக்குகிறேன். இப்போதெல்லாம் உறுதிமொழி முடிகிற சமயத்தில் அவர் சன்னலைப் பார்க்கிறார். போன வாரம் நான் கையைத் தூக்கியபோது எனக்குப் பின்னாலிருந்து இன்னொரு கையும் எழுந்தது என்றார்கள். முழங்கால் விடாததால் திரும்பி யாரென்று பார்க்க முடியவில்லை, கேட்டாலும் சொல்லமாட்டேன் என்கிறார்கள். வம்புக்காரி ஒருத்திக்கு இதைவிடப் பெரிய தண்டனை உண்டா?

கிடைக்கும் என்று நான் சொல்லவில்லை. மேசையைத் துடைத்து வை என்று இந்தத் தடவை எழுதமாட்டேன். துணியை மடித்துக்கொண்டிரு.

எனக்குப் பதில் எழுத வேண்டாம். ஆனால் ஒன்று. ஆர்டர் சீட்டின் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன் என்பதைப் பார்த்திருப்பாய். இங்கே ஐந்து மணி ஆகிறது. பாட்டும் இல்லை, நாயும் இல்லை. நகல் எடுக்கிற இயந்திரம் மட்டும் முனகுகிறது. நம்பிக்கை இல்லாவிட்டால் ஏதாவது ஒரு நாள் ஐந்து மணிக்குக் கூப்பிட்டு, பேசாமல், கேட்டுப் பார்.

மசுமி