எறும்பின் கண் வந்துவிட்டது

மாப்ளே,

காலையில் கேமரா பையைத் திறந்ததும் தவிட்டு வாசனை மூக்கில் ஏறியது. மண்ணச்சநல்லூரில் உன் அரிசி மில்லிலிருந்து நீ கொண்டுவந்த சாக்கு, மடித்தபடி உள்ளே இருந்தது. நீ போய் எட்டு மாதம் ஆகிறது.

அந்தச் சாக்கை விரித்துத்தானே ஸ்ரீரங்கத்து வீதியில் இருவரும் குப்புறப் படுப்போம்! விடிந்ததும் வாசலில் அரிசிமாக் கோலம். மாவு தின்ன எறும்பு. எறும்பின் கண்ணைப் படமெடுக்க உலகம் போற்றும் நான். ஒருநாள் அந்த வீட்டு அம்மாள் வாளியோடு வந்து, "பெருமாள் அந்தப் பக்கம் இருக்காருங்க. இங்க ஏன் விழுந்து கிடக்கீங்க?" என்று கேட்டார். "எறும்புக்குப் பாஸ்போர்ட் போட்டோங்க" என்றாய், கூசாமல்.

மூன்று வருடம்! எடுத்த படங்களை அடுக்கினால் மலைக்கோட்டைக்கு இன்னொரு மாடி எழுப்பலாம். எல்லாவற்றிலும் கால் பளிச்சென்றிருக்கும், கண் கஞ்சியாகக் கலங்கியிருக்கும். அவ்வளவு நெருங்கினால் மயிரிழை அளவுதான் தெளிவாக விழும். அதைப் பிடிக்க நான் லென்ஸ் வளையத்தைத் திருகுவதற்குள் எறும்பு திருவானைக்காவல் போய்ச் சேர்ந்துவிடும்.

"வளையத்தை விடுய்யா. மில்லுல அரிசி பார்க்கும்போது நான் கண்ணையா திருகுறேன்? உள்ளங்கையைக் கிட்டக் கொண்டாறேன், தள்ளிப் பிடிக்கிறேன். நீயும் உடம்போட முன்ன பின்ன ஆடு" என்றாய்.

"நெல்லு அரைக்கிறவன் எனக்கு லென்ஸ் சொல்லித் தர்றியா?"

ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தபோதும், "கண்ணு வந்துச்சா?" என்றுதான் கேட்டாய். "வரும்" என்றேன் வீம்பாக. அதுவரை ஒருமுறைகூட ஆடிப் பார்க்கவில்லை.

இன்று ஆடினேன். அதே வாசல். வளையத்தைத் தொடவில்லை. மூச்சை அடக்கி ஒரு நூல் முன்னே, அரை நூல் பின்னே. சடசடவென்று ஏழு படம். ஐந்தாவதில் கண்! தேன்கூட்டை மிளகுக்குள் அடைத்த மாதிரி, ஒவ்வொரு அறையும் தனித்தனியாக!

"வந்துடுச்சு!" என்று நான் போட்ட கூச்சலில் காவிரி ஒரு நிமிடம் நின்றுதான் போயிருக்கும். அந்த அம்மாள் பதறி ஓடிவந்தார். "என்னங்க, பாம்பா?"

திரையைக் காட்டினேன். "அட, வாயில நம்ம வீட்டு மாவு!" என்று பூரித்தவர், "கூட வருவாரே, அவர்கிட்ட காட்டிட்டீங்களா?" என்றார்.

"இனிமேதாங்க" என்றேன்.

காட்டிவிட்டேன் மாப்ளே. ஜெயித்தது நீ, என் கைப்பட எழுதித் தருகிறேன். வீடு திரும்பியதும் செய்தித்தாள் படிக்கக்கூட மூக்குக்கண்ணாடியைத் தேடவில்லை. தாளை உள்ளங்கையில் ஏந்தி முன்னும் பின்னும் ஆட்டுகிறேன். வீட்டில் சிரிக்கிறார்கள். எழுத்து அப்படித் தெளிவாகத் தெரிகிறது.